'லைன்' என்னும் சொல்லும் நம் லயமும்

ஆங்கிலத்தில் எந்தச் சொல் கடினமானது என்று மாணவரைக் கேட்டால், வாய் நிறைய ஒலிக்கும் நீண்ட சொல் ஒன்றையே காட்டுவர். ஆனால் ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர் அனுபவம் வேறு. நீண்ட சொல்லுக்குப் பெரும்பாலும் ஒரு பொருளே இருக்கும். அகராதியை ஒரு முறை புரட்டினால் அது வசமாகிவிடும். மாணவரை மடக்குபவை மூன்று நான்கு எழுத்தில் அடங்கும் சின்னஞ்சிறு சொற்களே. அவற்றுள் ஒன்றாகிய 'லைன்' என்னும் சொல்லை இக்கட்டுரையில் எடுத்துக்கொள்வோம். தோட்டத்திலும் பட்டணத்திலும் நம்மவர் நாவில் நாள்தோறும் புழங்கும் சொல் இது. நம் மக்களின் வரலாற்றில் ஒரு பகுதியும் இச்சொல்லுக்குள் அடங்கியிருக்கிறது.

'லைன்' என்றால் என்ன பொருள் என்று எந்த வகுப்பில் கேட்டாலும் 'கோடு' என்றே விடை வரும். விடை சரியானதே. ஆயினும் அந்த ஒரு விடையை மட்டும் கைக்கொண்டு மொழிபெயர்க்கப் புகுந்தால் வேடிக்கைதான் விளையும். தொலைபேசியில் பேசுபவர் 'ஹோல்ட் த லைன்' என்கிறார். 'கோட்டைப் பிடித்துக்கொள்' என்று பொருள் கொள்ளலாமா? ஊருக்குப் புறப்படும் நண்பர் 'டிராப் மீ எ லைன்' என்கிறார். 'எனக்கு ஒரு கோட்டைப் போடு' என்பதா? நாடகத்தில் நடித்தவள் தன் 'லைன்ஸ்' மறந்துபோனாள் எனில், அவள் மறந்தது வசனத்தை. 'வாட் இஸ் யுவர் லைன்?' என்று கேட்பவர் அறிய விரும்புவது நம் தொழிலை. கப்பல் நிறுவனத்தின் பெயரில் 'லைன்' இருக்கிறது. விமான நிறுவனமோ 'ஏர்லைன்' எனப்படுகிறது. இவற்றுள் எங்கும் கோட்டைக் காணோம்!

இத்தனை பொருளும் ஒரு சொல்லில் எவ்வாறு வந்து கூடின?

நூலில் பிறந்த சொல்

இலத்தீன் மொழியில் 'லீனும்' என்பது ஆளிச் செடியின் பெயர். அதன் விதையை இன்றும் கடைகளில் ஆளி விதை என்று கேட்டு வாங்குகிறோம். அச்செடியின் தண்டிலிருந்து நார் எடுத்து நூற்பது எகிப்திலும் ஐரோப்பாவிலும் மிகப் பழைய தொழில். அந்த நூலுக்கு இலத்தீனில் 'லீனியா' என்று பெயர். அதிலிருந்து வந்ததே ஆங்கில 'லைன்'. ஆளி நாரால் நெய்த துணி 'லினன்' எனப்படுவதும், சட்டையின் உட்புறம் வைத்துத் தைக்கும் துணி 'லைனிங்' எனப்படுவதும் இந்த உறவினால்தான்.

எனவே 'லைன்' என்பது தொடக்கத்தில் கையால் பிடிக்கத்தக்க பொருளாக இருந்தது. நூலுக்கு மூன்று தன்மைகள் உண்டு. அது நீளமானது, இழுத்துக் கட்டினால் நேராக நிற்பது, ஒரு முனையை மறுமுனையோடு இணைப்பது. 'லைன்' என்பதன் பொருள்களில் பெரும்பாலானவை இம்மூன்றனுள் அடங்கும். மீன்பிடிப்போர் கையிலுள்ள தூண்டிற் கயிறும், துணி உலர்த்தும் கயிறும் 'லைன்' எனப்படுவது நீளத்தால். தாளில் வரைந்த கோடும், எழுத்துகள் ஒழுங்காக அமைந்த வரியும், கடை முன் நிற்கும் வரிசையும் 'லைன்' ஆனது நேர்மையால். தொலைபேசித் தொடர்பும், இருப்புப்பாதையும், கப்பல் தடமும், குலவழியும் 'லைன்' ஆனது இணைப்பினால்.

கப்பல் தடத்துக்குச் சான்று நம் குடும்பங்களிலேயே உண்டு. 1926ஆம் ஆண்டில் கட்டப்பட்ட 'ரஜூலா' சென்னைக்கும் நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் இடையே பல பத்தாண்டுகள் ஓடியது. இவ்வாறு குறித்த தடத்தில் தவறாது சென்று மீளும் கப்பலுக்கே 'லைனர்' என்று பெயர்.

இங்கே ஓர் ஒற்றுமையைக் காண்க. ஆங்கிலத்தில் நூல் எழுத்துவரி ஆனது போல, தமிழில் நூல் புத்தகமே ஆயிற்று. கி.பி. 13ஆம் நூற்றாண்டில் நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர், பஞ்சிலிருந்து நூல் நூற்பதற்கும் சொற்களால் நூல் இயற்றுவதற்கும் உள்ள ஒப்புமையை விளக்கியிருக்கிறார். மரத்தின் கோணலைத் தச்சனின் நூல் தீர்ப்பது போல மனத்தின் கோணலைப் புலவனின் நூல் தீர்க்கும் என்றும் உவமை காட்டுகிறார். ஆங்கிலேயரிடம் அங்குலத்தைப் பன்னிரண்டாகப் பகுத்து ஒரு பங்கை 'லைன்' என்னும் வழக்கம் இருந்தது. நம் தச்சர்களோ அங்குலத்தை எட்டாகப் பகுத்து ஒரு பங்கை ஒரு நூல் என்பர். ஒன்றையொன்று அறியாத இரு மொழிகள் ஒரே பொருளைப் பார்த்து ஒரே வழியில் சிந்தித்திருக்கின்றன.

தொல்காப்பியர் தரும் மூன்று திறவுகோல்

பல பொருள் தரும் சொல்லைக் கண்டு மலைப்பது இற்றை நாளில் தோன்றிய இடர்ப்பாடன்று. தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில் 'பலபொருள் ஒருசொல்' என்னும் பகுப்பு இருக்கிறது. அத்தகைய சொல்லின் பொருளைத் தெளியும் வழியும் அங்கே கூறப்படுகிறது. கூட வரும் வினையால் தெளியலாம். உடன் எண்ணப்படும் இனத்தால் தெளியலாம். இடமும் காலமும் ஆகிய சார்பால் தெளியலாம். 'மா பூத்தது' என்றால் மாமரம். 'மா ஓடியது' என்றால் விலங்கு. பூத்தலும் ஓடுதலும் பொருளைப் பிரித்துக் காட்டிவிட்டன.

இம்மூன்று திறவுகோலும் ஆங்கிலச் சொல்லுக்கும் அப்படியே பொருந்துகின்றன.

முதலாவது வினை. 'டிரா எ லைன்' என்றால் வரைவது கோடு. 'ரைட் எ லைன்' என்றால் எழுதுவது வரி. 'ஸ்டாண்ட் இன் லைன்' என்றால் நிற்பது வரிசையில். 'காஸ்ட் எ லைன்' என்றால் வீசுவது தூண்டில். 'லேர்ன் யுவர் லைன்ஸ்' என்றால் மனப்பாடம் செய்வது வசனம். வினை மாறியதும் பொருள் மாறிவிடுகிறது.

இரண்டாவது இனம். தண்டவாளம், நிலையம், வண்டி என்பவற்றோடு 'லைன்' வந்தால் இருப்புப்பாதை. தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டு வரை 1885ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட மலாயாவின் முதல் ரயில் பாதை இவ்வகை 'லைன்'. அடுத்த நிலையம் பாதையில் தடையில்லை என்று தெரிவிப்பதற்கு ரயில்வே மொழியில் 'லைன் கிளியர்' என்று பெயர். பினாங்குச் சாலையை ஒட்டிய சந்திலே 'லைன் கிளியர்' நாசி கண்டார் கடையில் பசியாறியவர் பலர். அப்பெயரிலுள்ள சொற்கள் ரயில் நிலையத்தில் நாள்தோறும் வழங்கியவை என்பதை அவருள் சிலரே நினைத்திருப்பர்.

மூன்றாவது சார்பு. மாலுமிகள் 'த லைன்' என்று மட்டும் சொன்னால் அது பூமத்திய ரேகை. போர்ச் செய்தியில் 'லைன்' என்றால் படைமுனை. அலுவலகத்தில் 'டெட்லைன்' என்றால் ஒரு வேலையை முடிக்கவேண்டிய கடைசி நேரம். ஆனால் அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1864ஆம் ஆண்டில், ஆண்டர்சன்வில் சிறைமுகாமில் அச்சொல்லின் பொருள் கொடியது. கைதிகள் தாண்டக் கூடாத எல்லை அது. தாண்டியவரைக் காவலர் சுடுவர். அன்று உயிரின் எல்லையாக இருந்தது இன்று விண்ணப்பப் படிவத்தின் கடைசித் தேதியாகத் தேய்ந்திருக்கிறது. காலமும் இடமும் அறியாதார்க்கு இவ்வேறுபாடு புலப்படாது.

தமிழ் எவ்வாறு பகுத்து வழங்குகிறது?

ஆங்கிலம் ஒரு சொல்லில் அடுக்கி வைத்ததைத் தமிழ் பல சொற்களில் பகுத்து வைத்திருக்கிறது. வரைவது கோடு. உள்ளங்கையில் இருப்பது ரேகை. உரைநடையில் எழுதுவது வரி. செய்யுளிலோ அது அடி. இந்த 'அடி' என்பதில் மாணவர் இடறுவதுண்டு. ஆங்கிலச் செய்யுளில் 'லைன்' என்பது நமக்கு அடி. அவர்கள் 'ஃபுட்' என்பது ஏறத்தாழ நமக்குச் சீர். 'ஃபுட்' என்பதற்கு அகராதி 'அடி' என்றிருப்பதைப் பார்த்து அப்படியே எழுதினால், திருக்குறளுக்கு ஏழு அடி என்றாகிவிடும்! குறளுக்கு அடி இரண்டு, சீர் ஏழு.

கயிறு என்னும் பொருளிலும் குலவழி என்னும் பொருளிலும் தமிழுக்கு ஓர் அழகிய சொல் இருக்கிறது. அது 'கொடி'. துணி உலர்த்துவது கொடி. தாயையும் சேயையும் இணைப்பது தொப்புள்கொடி. தலைமுறை வரிசை கொடிவழி. ஐரோப்பியர் ஆளிச் செடியின் நாரிலிருந்து பெற்ற பொருள்களை நாம் காட்டில் படரும் கொடியிலிருந்து பெற்றிருக்கிறோம்.

நம் அண்டை மொழியாகிய மலாயும் தமிழைப் போலவே பகுத்து வழங்குகிறது. வரையும் கோடு 'காரிஸ்'. எழுதும் வரியும் நிற்கும் வரிசையும் 'பாரிஸ்'. தொலைபேசித் தொடர்பு 'தாலியான்'. 'தாலி' என்றால் மலாயில் கயிறு. இணையவழி என்பதை 'டாலாம் தாலியான்' என்கின்றனர். சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'கயிற்றுக்குள்' என்பதுபோல ஆகும். 'பாரிசான் நேஷனல்' என்னும் கட்சிக் கூட்டணியின் பெயரில் இருப்பது அணி, வரிசை என்னும் பொருள் தரும் சொல். தமிழ்ப் பத்திரிகைகள் அதைத் 'தேசிய வரிசை' என்று எழுதவில்லை. 'தேசிய முன்னணி' என்றே எழுதின. சொல்லை விட்டுப் பொருளைப் பிடித்த நல்ல மொழிபெயர்ப்புக்கு இஃது எடுத்துக்காட்டு.

இனித் தோட்டத்துக்கு வருவோம். பால்மரங்கள் நேர் வரிசையாக நடப்பட்டவை. அவ்வரிசைக்கு ஆங்கிலத்தில் என்ன பெயரிட்டிருந்தாலும், பால் வெட்டிய நம் மக்கள் அதை 'நிரை' என்றே வழங்கினர். பேச்சில் அது 'நெரை' ஆகும். இலங்கை மலையகத்தில் கொழுந்து பறிப்போரும் இச்சொல்லை வழங்குவர். சங்கப் பாடல்களில் பசுக்கூட்டம் ஆநிரை. யாப்பிலக்கணத்தில் அசையின் ஒரு வகை நிரை. இப்பழஞ்சொல்லைப் பள்ளிக்கூடமே பாராத பாட்டாளிகள் கடல் கடந்து கொண்டுவந்து காட்டிலே காப்பாற்றினார்கள்.

ஆனால் அதே பாட்டாளிகள் தாங்கள் குடியிருந்த வீட்டு வரிசைக்கு மட்டும் நிரை என்றோ வரிசை என்றோ பெயர் சொல்லவில்லை. அதற்கு 'லயம்' என்றனர். மரத்துக்குத் தமிழ்ச் சொல்லும் மனிதர் வீட்டுக்கு அயற்சொல்லும் வந்தது ஏன்?

லயத்தின் வரலாறு

லயம் என்பதற்கு வடமொழி வழியாக வந்த பொருள் தாளத்தின் நடை. ஒன்றில் ஒடுங்குதல் என்பதும் உண்டு. இன்று தோட்டத்தை அறியாமல் வளரும் மாணவர் மலேசியத் தமிழ்ச் சிறுகதையில் 'லயத்துப் பிள்ளைகள்' என்று படித்தால் பாட்டு வகுப்பை நினைக்கவும் கூடும். வேறு சிலர், குதிரைகளைக் கட்டும் 'லாயம்' என்னும் சொல்லே குறுகி லயம் ஆயிற்று என்பர். வாழ்ந்த வாழ்க்கையை எண்ணினால் அவ்விளக்கம் மனத்தைத் தொடத்தான் செய்யும். எனினும் சொல்லின் வழி வேறு.

தோட்டத் துரைமார் தொழிலாளர் குடியிருப்பைக் 'கூலி லைன்ஸ்' என்றே எழுதியும் பேசியும் வந்தனர். 'டைம்' என்பது பேச்சில் 'டயம்' ஆனது போல 'லைன்' என்பது 'லயன்' ஆயிற்று. சொல்லிறுதியில் னகரமும் மகரமும் ஒன்றன் இடத்தில் மற்றொன்று வருவது தமிழில் பழைய வழக்கு. நிலம் என்பதை நிலன் என்றும், அறம் என்பதை அறன் என்றும் வழங்குவதை இலக்கணத்தார் இறுதிப்போலி என்பர். அவ்வழியே லயன் என்பது லயம் ஆயிற்று. இலங்கை மலையகத்தில் 'லயன்' என்னும் வடிவமும், வீட்டைக் குறிக்க 'லயன் காம்பரா' என்னும் தொடரும் இன்றும் வழங்குவது இதற்குத் தக்க சான்று.

சரி, துரைமார்க்கு அச்சொல் எங்கிருந்து வந்தது? அது படைமுகாமின் சொல். சிப்பாய்களின் கூடாரங்களும் குடிசைகளும் வரிசை வரிசையாக அமைந்த இடத்தை ஆங்கிலேயர் 'லைன்ஸ்' என்றனர். 1786இல் பினாங்கில் ஆங்கிலக் கம்பெனியின் கொடி ஏறியபோது உடன் வந்தவர் இந்தியச் சிப்பாய்கள். ஜார்ஜ் டவுனில் 'ஜாலான் சிப்பாய் லைன்ஸ்' என்னும் சாலை இன்றும் இருக்கிறது. சிங்கப்பூரிலும் பொது மருத்துவமனை அமைந்த பகுதிக்குச் 'சிப்பாய் லைன்ஸ்' என்று பெயர். தில்லியிலும் அலகாபாத்திலும் ஆங்கில அதிகாரிகள் வாழ்ந்த பகுதி 'சிவில் லைன்ஸ்'. பல ஊர்களில் காவலர் குடியிருப்பு 'போலீஸ் லைன்'.

தோட்டத்தின் மற்றொரு சொல்லையும் இதனோடு சேர்த்துப் பாருங்கள். விடியுமுன் தொழிலாளரை நிறுத்திப் பேர் கூப்பிடும் இடம் 'பெரட்டுக் களம்'. பெரட்டு என்பது 'பரேடு' என்னும் ஆங்கிலச் சொல்லின் திரிபு. ஆங்கிலத்தில் அதற்கு வழங்கிய 'மஸ்டர்' என்பதும் படைவீரரைக் கூட்டிக் கணக்கெடுக்கும் செயலின் பெயரே. பெரட்டு, மஸ்டர், லயம் ஆகிய மூன்றும் பாசறைச் சொற்கள். தோட்டம் ஒரு படைமுகாமைப் பார்த்து அமைக்கப்பட்டது என்பதை எந்த ஆவணத்தையும் தேடாமல் இம்மூன்று சொற்களே நமக்குச் சொல்லிவிடுகின்றன. மரத்தை வரிசையாக நடுவதை நம்மவர் ஊரிலேயே அறிந்திருந்தனர். ஆகவே அதற்குச் சொந்தச் சொல் இருந்தது. வேலை தருபவன் எண்ணிட்டுக் கொடுக்கும் வரிசை வீட்டில் வாழ்வது அவர்க்குப் புதிது. ஆகவே புதுப்பொருளோடு புதுச்சொல்லும் வந்தது.

வரிசையாக இருப்பதனால் மட்டும் ஒரு வீடு லயம் ஆகிவிடுமா? இன்று பட்டர்வொர்த்திலும் சுங்கை பட்டாணியிலும் வீட்டுமனைப் பகுதிகளில் நாம் காணும் தொடர்வீடுகளும் ஒரே கூரையின்கீழ் வரிசையாகக் கதவு வைத்தவையே. அவற்றை எவரும் லயம் என்பதில்லை. தொடர்வீட்டின் சாவி குடியிருப்பவர்க்கு உரியது. லயத்து வீடோ வேலையோடு கட்டுண்டது. வேலை ஓய்ந்தால் வீடும் போகும். கண்ணால் பார்த்தால் இரண்டும் ஒன்று போலிருக்கும்; சார்பால் பார்த்தால் இரண்டுக்கும் உள்ள தூரம் பெரிது. தொல்காப்பியர் 'சார்பு' என்று தனியே ஒன்றைச் சொன்னதன் அருமை இங்கே விளங்குகிறது.

தொழிலாளர் வீடுகளின் குறைந்தபட்சத் தரம் பற்றி மலேசியாவில் 1966ஆம் ஆண்டிலும் பின்னர் 1990ஆம் ஆண்டிலும் சட்டங்கள் வந்தன. பலகை வீடுகள் கல்வீடுகளாக மாறிய இடங்களிலும் லயம் என்னும் பெயர் தொடர்ந்து நின்றதுண்டு. பின்பு தோட்டங்கள் பல வீட்டு மனைகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின, லயங்கள் இடிக்கப்பட்டன. பொருள் மறைந்தால் சொல்லும் மறையத் தொடங்கும்.

ஆசிரியர் செய்யத்தக்கது

இவற்றால் ஆசிரியர்க்கும் பெற்றோர்க்கும் விளங்குவன சில உண்டு. முதலாவது, ஆங்கிலச் சொல்லையும் ஒரு தமிழ்ச் சொல்லையும் எதிரெதிரே எழுதி உருப்போடச் செய்வதால் பயன் குறைவு. சொல்லை அதன் வினையோடு சேர்த்துச் சிறு தொடராகக் கற்பித்தல் வேண்டும். 'டிரா எ லைன்', 'ரைட் எ லைன்', 'ஸ்டாண்ட் இன் லைன்' என மூன்று தொடரைக் கரும்பலகையில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் தமிழ் என்ன என்று கேட்டால், கோடு, வரி, வரிசை என்று பிள்ளைகளே கண்டுபிடிப்பர். தாமே கண்ட பொருள் எளிதில் மறவாது.

இரண்டாவது, ஒலியில் நெருங்கிய சொற்களைப் பிரித்துக் காட்டல் வேண்டும். ஜார்ஜ் டவுனில் 'லவ் லேன்' இருக்கிறது. 'கிரீன் லேன்' இருக்கிறது. இந்த 'லேன்' என்பது சந்து அல்லது ஒடுங்கிய தெரு. 'லைன்' என்பதோடு அதற்கு உறவில்லை. தமிழில் எழுதும்போது ஒரு கொம்பின் வேறுபாடே இருப்பதால் இரண்டும் மயங்குகின்றன.

மூன்றாவது, தமிழ்ச் சொற்களையும் இம்முறையிலேயே ஆராயப் பழக்குதல் வேண்டும். 'வரி' என்னும் சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். வரி எழுதினான், வரி கட்டினான், வரிக்குதிரை ஓடியது என்னும் மூன்றிலும் வரி ஒன்றா? தமிழ் பயிலும் சீன, மலாய் நண்பர்க்கு இது நமக்கு 'லைன்' தரும் அதே தொல்லையைத் தரும்.

நான்காவது, எல்லாவற்றிலும் முக்கியமானது. தூய தமிழ் வேண்டும் என்னும் ஆர்வத்தால், பாட நூலிலும் கதையிலும் லயத்தை நீக்கி 'வரிசை வீடு' என்று எழுத விரும்புவோர் உண்டு. 'லைன்ல நில்லு' என்பதற்கு 'வரிசையில் நில்' என்று திருத்துவது நன்று. அங்கே நமக்குச் சொந்தச் சொல் இருக்கிறது. லயத்தைத் திருத்துவது நன்றன்று. வரிசை வீடு என்று எழுதினால் அது பட்டணத்துத் தொடர்வீட்டைத்தான் குறிக்கும். வேலை போனால் வீடும் போகும் என்ற அச்சம் அதில் இல்லை. நம் மக்கள் பட்டது எதுவோ அதற்குரிய பெயர் லயம்.

ஆகவே மாணவர்க்கு ஒரு வீட்டு வேலை கொடுக்கலாம். தோட்டத்தில் வாழ்ந்த தாத்தாவையோ பாட்டியையோ அணுகி, நிரை, பெரட்டு, லயம் ஆகிய மூன்று சொற்களையும் அவர்கள் எவ்வாறு வழங்கினர் என்று கேட்டு, அவர்கள் சொன்ன வாக்கியங்களை அப்படியே எழுதி வரச் சொல்லுங்கள். அச்சொற்களைச் சொல்லத் தெரிந்தவர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். ஒரு சிற்றேட்டில் பத்து வாக்கியம் சேர்ந்தாலும், எந்த அகராதியிலும் கிடைக்காத பொருள் நம் கையில் இருக்கும்.